ஒரு நாற்காலி குறைந்தால்

எங்கள் அலுவலகத்தின் இரண்டாவது மாடிக் கூட்ட அறையில் ஏழு நாற்காலிகள் இருந்தன. நாங்கள் எட்டுப் பேர். திங்கட்கிழமை காலை பத்து மணிக் கூட்டத்துக்கு வந்ததும் எங்கள் குழுத் தலைவர் முதலில் நாற்காலிகளை எண்ணுவார். பிறகு எட்டாவதைத் தேடிப் பக்கத்து அறைகளுக்குப் போவார். கிடைத்தால் தூக்கிக்கொண்டு வருவார். கிடைக்காவிட்டால் இருக்கிற ஏழையும் சுவரோரம் தள்ளிவிட்டு, "நிப்போம்" என்பார். எட்டுப் பேரும் நின்றபடியே அந்த வாரத்து வேலைகளைப் பேசி முடிப்போம்.

என் நாட்குறிப்பின்படி முதல் வருடத்தில் முப்பத்தொரு கூட்டங்களில் நின்றிருக்கிறோம். நின்ற கூட்டங்கள் பெரும்பாலும் கால் மணி நேரத்தில் முடிந்தன. உட்கார்ந்தவை முக்கால் மணி நேரம் இழுத்தன. இதை அவரிடம் சொன்னேன்.

"அப்ப இருக்க ஏழையும் எடுத்துட்டுப் போங்கன்னு எழுதிப் போடுவோமா கணக்கரே?" என்றார்.

எட்டாவது நாற்காலி கேட்டு நிர்வாகத்துக்கு மூன்று முறை எழுதிப் போட்டார். வரவில்லை.

அவரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். குழுவில் இருந்த தெலுங்கரும் குஜராத்திப் பெண்ணும்கூட அப்படியே கூப்பிட்டார்கள். அது அவருடைய பெயர் என்று ஒரு அமெரிக்கர் நீண்ட நாள் நம்பிக்கொண்டிருந்தார். நியூ ஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு மருந்துக் கம்பெனியின் மென்பொருள் குழுவுக்கு அவர் தலைவர். அவருக்கு ஐம்பத்திரண்டு, எனக்கு நாற்பத்து நான்கு. அவர் ஊர் நாகர்கோவிலுக்குக் கிழக்கே, கடலுக்குப் பக்கம். என் ஊர் தக்கலை. ஊரில் ஒரு மணி நேரப் பேருந்துத் தூரம். பிளெய்ன்ஸ்பரோவில் ஒரே அடுக்ககத்தில் எதிரெதிர்க் கட்டடம்.

முதல் குளிர்காலத்தில் அவர் பனி அள்ளுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. அதன் மேல் ஒரு வெள்ளைத் துண்டு, தலைப்பாகையாகச் சுற்றியிருந்தது. எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் அது என்ன என்று கேட்டிருக்கிறார். இவர் மண்வாரியை ஊன்றி நின்று, "கிரௌன், சார்" என்று சொல்லியிருக்கிறார். கிழவர் சிரித்தபோது இவரும் சிரித்தார். ஆனால் அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்துகொண்டேன்.

அவர் அய்யாவழிக்காரர், அய்யா என்பவரைக் கும்பிடுகிறவர். அவர்களுடைய வழிபாட்டு இடத்தில் சிலை இருக்காது. ஒரு நிலைக்கண்ணாடியும் விளக்கும் இருக்கும். ஆண்கள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்க வேண்டும். நிற்கிறவன் தன்னையே பார்த்துக்கொள்வான். இந்த ஊர் அடுக்ககங்களில் படுக்கையறை அலமாரிக் கதவே முழுநீளக் கண்ணாடி. அதன் முன்னால் ஒரு முக்காலியில் விளக்கை வைத்திருந்தார்.

"ஊர்ல கண்ணாடி வாங்கி வண்டியில கட்டிக் கொண்டுவரணும். இங்க அய்யா முன்னாடியே பில்டர்கிட்ட சொல்லி வச்சிருக்காரு பாத்தீரா" என்றார்.

என் தலையிலும் ஒரு துண்டைக் கட்டினார். கிண்ணத்தில் குழைத்த வெள்ளைத் திருமண்ணை விரலில் எடுத்து, என் நெற்றியைத் தொட்டு, சுடர் மாதிரி மேல்நோக்கி இழுத்தார். பிறகு கிண்ணத்தை என்னிடம் நீட்டி, தன் நெற்றியைக் காட்டினார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"தொட்டு இடும் ஓய். தொடப்பிடாதுன்னு சட்டம் இருந்த ஊரு நம்ம ஊரு."

அன்றைக்கு அரிசியும் காய்கறிகளும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவைத்த உம்பான் சோறு சாப்பிட்டோம். வந்திருந்த பதினோரு பேரும் தரையில் ஒரே வட்டமாக உட்கார்ந்தோம். சாப்பிடும்போது அவர் சொன்ன கதையை அன்றே எழுதிவைத்தேன். சுருக்கமாகத் தருகிறேன்.

திருவிதாங்கூர் அரசர்களின் காலம். அண்ணாச்சியின் முன்னோர்கள் தலையில் துணி கட்டக் கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது. மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று சாதிக்குச் சாதி அளவு இருந்தது. அரண்மனைக்குக் கூலியில்லாமல் ஊழியம் செய்ய வேண்டும். அப்போதுதான் அவர்களிடையே ஒருவர் எழுந்தார். அவர்தான் அந்த அய்யா. தலையில் துணி கட்டுங்கள், நீங்கள்தான் ராசா என்றார். பதினெட்டுச் சாதியும் குளிக்கவும் குடிக்கவும் ஒரே கிணறு வெட்டினார். அரசனை நீசன் என்றார். ஊழியத்துக்குப் போகாதீர்கள் என்றார். கத்தியும் இல்லை, குதிரையும் இல்லை. ஆனால் அரண்மனை அதைக் கலகம் என்றே எடுத்துக்கொண்டது. பிடித்துக்கொண்டுபோய்த் திருவனந்தபுரத்தில் சிறைவைத்தார்கள். பட்டினி போட்ட புலியின் முன்னால் விட்டார்கள், அது படுத்துக்கொண்டது என்பது அவர்களுடைய நம்பிக்கை.

"புலி கெடக்கட்டும், விடும்" என்றார் அண்ணாச்சி. "அதுக்கப்புறந்தான் சங்கதி. ராசா ஒரு ஓலை குடுத்தாரு. என் சாதிக்காரன் கூட மட்டும் இருந்துக்கிடுதேன்னு எழுதிக் குடுத்துட்டு வெளிய போன்னாரு. ஒரே ஒரு கையெழுத்து. நம்ம ஆளு ஓலையக் கிழிச்சுப் போட்டுட்டு உள்ளயே இருந்தாரு."

"பிறகு?"

"பிறகு என்ன. ராசாவுக்கே சலிச்சுப்போச்சு. விட்டுட்டான்."

எங்கள் குடும்பத்தில் நான்கைந்து தலைமுறைக்கு முன்னால் அதே அரசுக்குக் கணக்கெழுதியவர்கள் இருந்தார்கள். எந்தக் குடியிலிருந்து எத்தனை ஆள் ஊழியத்துக்கு வர வேண்டும் என்று ஓலையில் பெயர் எழுதும் வேலை. எதையும் மறைத்து வைக்கும் பழக்கம் எனக்கில்லாததால் அன்றே இதைச் சொன்னேன். சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி என் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

"அப்ப உங்க பாட்டனுக்குப் பாட்டன் எழுதுன ஓலையிலதான் எங்க பாட்டனுக்குப் பாட்டன் பேரு இருந்திருக்கும். எழுத்து நல்லாத்தான் இருந்திருக்கும். நம்ம கணக்கர் எழுத்தப் பாக்கோம்லா!"

எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் கணக்கர். அதற்குப் பிறகு தவறாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன்.

அவருடைய இந்தக் குணம் எல்லா இடத்திலும் இனிமையாக இருந்தது என்று எழுதினால் அது சரியான பதிவு ஆகாது. தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் முன்வரிசையில் சிறப்பு விருந்தினர் என்று காகிதம் ஒட்டிய நாற்காலிகள் பதினாறு. இவர் போய் ஒவ்வொரு காகிதமாக எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். செயலாளர் ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, அதெல்லாம் கெஸ்ட்டுக்கு ரிசர்வ் பண்ணியிருக்கு!"

"நாம எல்லாருமே இந்த நாட்டுல கெஸ்ட்தானே ஓய். விசாவ எடுத்துப் பாரும்."

செயலாளருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விருந்தினராக வந்த ஒரு முதிய டாக்டர் தம்பதி கடைசிவரை பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். அதையும் குறித்திருக்கிறேன்.

அவர் மகள் பள்ளியில் ஒரு போட்டியில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தாள். கோப்பையைச் செருப்பு அலமாரிக்குள் வைத்துவிட்டார். ஒரே ஒரு நாள் பெருமைப்பட்டால் என்ன என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

"பெருமைதான் மக்ளே. மத்த பிள்ளேளுக்கும் வீட்டுல அப்பன் இருப்பாம்லா" என்றார்.

அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்னையும் அவர் யார் முன்னாலும் பாராட்டியதில்லை. ஐந்து வருடங்களில் ஒரு முறைகூட இல்லை. எனக்கு அது ஒரு குறையாகத்தான் இருந்தது.

ஐந்தாம் வருடம் கம்பெனி ஆட்களைக் குறைக்கத் தொடங்கியது. ஒவ்வொரு குழுவின் தலைவரும் தன் ஆட்களை ஒன்று முதல் வரிசைப்படுத்திப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். கடைசியில் இருப்பவர் போவார். எங்கள் குழுவில் தலைவரைத் தவிர ஏழு பேர்.

அண்ணாச்சி ஏழு பேருக்கும் ஒன்று என்று போட்டார். ஒரே எண்ணை இரண்டு முறை போட அந்தப் படிவம் விடாது. ஏழு கட்டங்களும் சிவப்பாக மாறின. புதன்கிழமை டைரக்டர் எங்கள் இடத்துக்கே வந்தார். அவர் சென்னைக்காரர், சத்தம் போட்டுப் பேசாதவர்.

"அண்ணாச்சி, ஜஸ்ட் ஒரு ஃபார்ம். நம்பரப் போட்டு சப்மிட் பண்ணிடுங்களேன்."

"போட்டாச்சே சாரே."

"எல்லாருக்கும் ஒண்ணுன்னு போட்டா சிஸ்டம் அக்செப்ட் பண்ணாது."

"அப்ப சிஸ்டத்துக்கு ஆளுகளத் தெரியாதுன்னு அர்த்தம்."

"ஃப்ரைடே வரைக்கும்தான் டைம். லிஸ்ட் வரலைன்னா டீமையே கட் பண்ணிடுவாங்க. நான் பயமுறுத்தல. எனக்குச் சொன்னத அப்படியே சொல்றேன்."

"ஒரு நாற்காலி குறஞ்சா நாங்க எல்லாரும் நிப்போம் சாரே. பழக்கந்தான்."

டைரக்டருக்கு இது புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. ஏழு பேரில் ஐந்து பேர் விசாவில் இருந்தோம். வேலை போனால் அறுபது நாட்களில் வேறு வேலை தேட வேண்டும், இல்லாவிட்டால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். என் பச்சை அட்டை விண்ணப்பம் ஒன்பதாவது வருடமாக வரிசையில் நின்றது. அன்று மதியம் அவரிடம் தனியாகக் கேட்டேன்.

"அண்ணாச்சி, ஒருத்தர் போறதுக்குப் பதிலா ஏழு பேரும் போறது என்ன நியாயம்?"

"போவோம்னு யாரு சொன்னா? ராசா சலிச்சு விட்டாலும் விட்டுருவான்."

"விடாட்டி?"

அவர் படிவத்தை மூடிவிட்டு எழுந்து போனார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கும் பதில் தெரியாது. அவர் சரியென்றோ தவறென்றோ நான் இங்கே எழுதவில்லை.

வியாழக்கிழமை டைரக்டர் என்னை அழைத்தார். "எல்லாரோட டேட்டாவும் உங்ககிட்ட இருக்காமே?" என்றார். இருந்தது. எங்கள் வேலையில் ஒவ்வொரு பிழைக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு டிக்கெட் திறப்போம். முடித்ததும் மூடுவோம். யார் எத்தனை மூடினார்கள் என்பதை வருடக்கணக்கில் நான் எழுதி வைத்திருந்தேன். யாரும் கேட்டதால் அல்ல, என் பழக்கம் அது. இருபது நிமிடங்களில் ஏழு பெயர்களையும் அந்த வருடத்து எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்திக் கொடுத்தேன். நான் மூன்றாவது. கடைசியில் சுகந்தி வந்தார்.

சுகந்தி ஈரோட்டுக்காரர். முப்பத்தொரு வயது. கணவருக்கு இங்கே வேலை செய்ய அனுமதி கிடையாது. அவர் வீட்டில் இருந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டார். குழந்தைக்கு அப்போது ஐந்து மாதம்.

வெள்ளிக்கிழமை மதியம் சுகந்தியைக் கூப்பிட்டு வேலை போனதைச் சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சி நேராக என் மேசைக்கு வந்தார்.

"லிஸ்ட் யாரு எழுதுனது?"

"நான்."

அவர் என் மேசையைப் பார்த்தார். பேனா, அளவுகோல், நாட்குறிப்பு, மூன்றும் எப்போதும் போல நேர்வரிசையில் இருந்தன.

"எழுத்து நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார். போய்விட்டார்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கூட்ட அறைக்குப் போனோம். அவர் வழக்கம்போல நாற்காலிகளை எண்ணினார். ஏழு நாற்காலிகள், ஏழு பேர். முதல் முறையாகச் சரியாக இருந்தது. யாரும் உட்காரவில்லை. "உக்காருங்க" என்றார். உட்கார்ந்தோம். அவர் மட்டும் நின்றுகொண்டு பேசினார். அந்தக் கூட்டம் ஒன்பது நிமிடம்.

அடுத்த வாரம் சுகந்தி எனக்குப் போன் செய்தார். நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

"சார், ஒரு ஹெல்ப். நீங்க எல்லா டேட்டாவும் வெச்சிருப்பீங்கல்லங்க? நான் எத்தன டிக்கெட் க்ளோஸ் பண்ணேன்னு சொன்னீங்கன்னா ரெஸ்யூமேல போட்டுக்குவேன்."

"தர்றேன்."

"லீவுல இருந்த பன்னெண்டு வாரத்தக் கழிச்சுட்டுப் பாருங்க சார். அதையும் சேத்தா ரொம்பக் கம்மியாத் தெரியும்."

கழித்தேன். வேலை செய்த நாட்களால் ஏழு பேருடைய எண்ணிக்கையையும் வகுத்தேன். இரண்டு நிமிடம் ஆனது. சுகந்தி இரண்டாவது. நான் நான்காவது. அந்த வகுத்தலை வியாழக்கிழமையே செய்திருக்கலாம். அப்போது தோன்றவில்லை என்று நாட்குறிப்பில் எழுதினேன். பிறகு அந்த வரியை அடித்தேன். தோன்றியது. டைரக்டர் கேட்டது எண்ணிக்கையைத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எண்ணிக்கையில் ஒரு பிழையும் இல்லை.

அன்று மாலையே புதிய கணக்கை எடுத்துக்கொண்டு டைரக்டரிடம் போனேன். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "லிஸ்ட் போயிடுச்சு சார். இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். குரலில் வருத்தம் இருந்தது.

அண்ணாச்சி அந்த அறுபது நாட்களும் சுகந்திக்காக அலைந்தார். மதிய உணவு நேரத்தில் காரில் உட்கார்ந்து பார்சிப்பனி, இர்விங் என்று தெரிந்த எல்லா ஊர்களுக்கும் போன் போடுவார். கண்ணாடி ஏற்றியிருந்தாலும் அவர் கை அசைவது தெரியும். டெக்சாஸில் ஒரு இடத்தில் மூன்று சுற்று நேர்காணல் வரை போய் நின்றுபோனது. ஐம்பத்தெட்டாம் நாள், ஊருக்குத் திரும்பும் சுகந்தி குடும்பத்தை நெவார்க் விமான நிலையத்துக்கு அவரே காரில் கூட்டிக்கொண்டு போனார். ஆறு பெட்டி, ஒரு குழந்தை வண்டி. கடைசி இரவு அவர்கள் அண்ணாச்சி வீட்டில் தங்கியிருந்ததால் இதை என் ஜன்னலிலிருந்து எண்ணினேன்.

அந்த எட்டு வாரங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவர் வீட்டுக்குப் போகவில்லை. அலுவலகத்தில் அவர் என்னோடு வேலையைப் பற்றி மட்டும் பேசினார். குரலில் கோபம் இல்லை, மரியாதை குறையவில்லை. என்னைக் கணக்கரே என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்தியிருந்தார்.

விமானம் போன மறுநாள் ஞாயிறு. காலை பத்தரைக்குப் போன் செய்தார்.

"உம்பான் சோறு ஒரு ஆளுக்குக் கூடப் போட்டாச்சு. வாரும்."

"அண்ணாச்சி, நான்..."

"உமக்கு எடமில்லன்னு நான் எப்பச் சொன்னேன்? வாரும்."

போனேன். உள்ளே நுழைந்ததும் சுகந்தியின் கணக்கைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு வாரம், இரண்டாவது, நான்காவது, டைரக்டர் சொன்னது, நாட்குறிப்பில் அடித்த வரி. அவர் குறுக்கே எதுவும் பேசவில்லை. முடிந்ததும் கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து உதறினார்.

"ரெண்டாவதா இருந்தா அவ இருக்கணும், ஏழாவதா இருந்தா போணும். இப்பவும் அதத்தானே ஓய் சொல்லுதீரு?"

இரண்டு மாதங்களாக என் தவறு எதுவென்று நான் குறித்து வைத்திருந்தது ஒரு வகுத்தலை. அவர் சொன்னது அதை அல்ல.

படுக்கையறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊரிலிருந்து வந்த ஒரு தம்பதி நெற்றியில் நாமத்தோடு ஓரமாக நின்றார்கள். என் தலையில் துண்டை மூன்று சுற்றுச் சுற்றி, முனையைச் செருகினார். விரலால் நெற்றியைத் தொட்டு நாமம் இட்டார். எப்போதும் இடுகிற அதே அழுத்தம்தான். பிறகு தோளைப் பிடித்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார்.

நான் தரைக்கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பழுப்பு நிறம், ஓரத்தில் எண்ணெய்க் கறை. எவ்வளவு நேரம் என்று எந்தக் கணக்கும் என்னிடம் இல்லை. அந்த நாளின் பதிவில் அது ஒன்றுதான் விடுபட்டிருக்கிறது.

"தலைய நிமித்தும் கணக்கரே" என்றார் அண்ணாச்சி. "குனிஞ்சா துண்டு அவுந்துரும்."

நிமிர்ந்தேன்.